சக்கையும் சத்தும்: உடற்பருமனின் அழற்சிக்கு நார்ச்சத்துப் பொடி மருந்தாகுமா?



மொழி வளர்க்கும் மன்றம் ஒன்று தன் சொற்பொழிவு வரிசையில் குடலைப் பற்றியும் கொழுப்பைப் பற்றியும் பேச இடந்தந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆகவே சொற்களிலிருந்தே தொடங்குகிறேன். நம் பாட்டிமார் காலத்தில் உணவு இரண்டாகப் பிரிந்திருந்தது. சாறும் பாலும் மணியின் வெண்மையும் சத்து. பிழிந்தபின் கையில் எஞ்சுவதும், புடைத்தபின் முறத்தில் நிற்பதும் சக்கை. சத்து மனிதருக்கு, சக்கை மாட்டுக்கு. அந்தச் சக்கைக்கு இன்று நாம் சூட்டியிருக்கும் பெயர் 'நார்ச்சத்து'. வீசி எறியப்பட்ட பொருள் சத்து என்னும் பட்டம் பெற்று, வண்ண டப்பாவில் அடைபட்டு, மருந்துக்கடை அடுக்கில் வீற்றிருக்கிறது. பெயர் மாற்றம் நியாயமானதே. ஆனால் டப்பாவுக்குள் போனது முழுச் சக்கைதானா என்பதில்தான் எனக்கு ஐயம்.

இன்னொரு சொல் 'அழற்சி'. அழல் என்றால் தீ. காயம் பட்ட இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, நோவதை மருத்துவர் அழற்சி என்பர். அது உடலைக் காக்க மூளும் தீ. கிருமி அழிந்ததும் அவிந்துவிடும். உடற்பருமனில் காணப்படும் அழற்சியோ வேறு வகை. சிவப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, நோவும் இல்லை. உமிக்குவியலில் பற்றிய நெருப்பைப் போல மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

இவ்வுரையை எழுதத் தூண்டியவர் ஹுத்தான் மெலிந்தாங்கைச் சேர்ந்த ஓர் அம்மையார். வேறொரு கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். "ஐயா, இதைக் கலக்கிக் குடித்தால் உடம்புக்குள் இருக்கிற அழற்சியெல்லாம் இறங்கிவிடும் என்கிறார்கள். மாதம் நூற்றெண்பது வெள்ளி ஆகிறது. உண்மைதானா?" என்று கேட்டார். நீரிழிவு மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா என்பது இரண்டாம் கேள்வி. அதைச் சற்றுத் தாழ்ந்த குரலில் கேட்டார். அப்போது நான் சொன்ன விடை சுருக்கமானது. அதன் விரிவே இவ்வுரை.

அவர் கேள்வி தனியொருவர் கேள்வியன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வு மலேசியாவில் வயதுவந்தோருள் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர் என்று கண்டது. 2023இல் அது 54.4 விழுக்காடு ஆயிற்று. 2019இல் நீரிழிவு நாடு முழுவதும் 18.3 விழுக்காடு, இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. நம் மண்டபத்தில் மூன்று நாற்காலிக்கு ஒரு நாற்காலி என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அதே ஆய்வில், வேண்டிய அளவு காய்கனி உண்ணாதோர் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்.

'நான் பருமனாக இல்லையே' என்று யாரேனும் ஆறுதலடைந்தால், அவருக்கு ஒரு படத்தைக் காட்ட விரும்புவேன். புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் இருவரும் அருகருகே நிற்கும் படம் அது. 2004இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. இருவரின் உடல் எடைக் குறியீட்டெண்ணும் ஒன்றே: 22.3. உடலிலுள்ள கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. தெற்காசியர் ஒல்லியாகத் தோன்றினும் வயிற்றறைக்குள் கொழுப்பைச் சுமப்பவர் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று இல்லை. மலேசிய மருத்துவ வழிகாட்டி மிகை எடையை 25இலிருந்து அன்றி 23இலிருந்தே கணக்கிடுவதும், இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பதும் இதனால்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். பெர்னாம் ஆற்றங்கரையில், தெலுக் இந்தானுக்கும் பாகான் டத்தோவுக்கும் இடையில் கிடக்கும் இந்த மண்ணில் தென்னையும் இரப்பரும் பின்னர்ச் செம்பனையும் விளைந்தன. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்மரக் காட்டில் நடந்து, தோளில் பால் சுமந்த உடல்கள் இங்கு வாழ்ந்தன. லயத்துக்குப் பின்னால் முருங்கையும் வெண்டையும் பாகலும் படர்ந்த ஒரு துண்டு நிலமும் இருந்தது. அக்காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. இரத்தச்சோகையும் மலேரியாவும் குழந்தை மரணமும் கண்ட லயங்கள் அவை. ஆயினும் அன்று குடலுக்குக் கிடைத்த ஒன்று இன்று கிடைக்கவில்லை. தோட்டத்தை விட்டு அடுக்ககத்துக்கு வந்தபோது கொல்லைப்புறம் பின்னே நின்றுவிட்டது. காலைப் பசியாறுதல் ரொட்டி சானாயாகவும், இரவு உணவு மீ கோரெங்காகவும், நடுவில் இனிப்பிட்ட தே தாரிக்காகவும் மாறியபோது நாரும் போயிற்று.

உணவிலிருந்து ஒரு பகுதியை நீக்கிவிட்டுப் பின்பு அதற்காக அழுவது இந்நாட்டுக்குப் புதிதன்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இங்கே நிகழ்ந்த ஒரு கதை, நம் அம்மையாரின் டப்பாவைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும். அதைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் 'பெரிபெரி' என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்து, வீங்கி, இறுதியில் இதயம் நின்றுபோகும். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிரேடன் ஒரு புதிரைக் கண்டார். சீனத் தொழிலாளர் இந்நோயால் மடிகின்றனர். அதே வெயிலில், அதே மழையில், அதே கொசுக்கடியில் உழைக்கும் தமிழருக்கு இது பெரும்பாலும் வருவதில்லை. வேறுபாடு எங்கே? சோற்றுப்பானையில் என்றார் அவர். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. கிராமத்து மலாய்க்காரர் அவ்வப்போது வீட்டில் குத்தியெடுத்த அரிசியை உண்டனர். அவர்களுக்கும் நோய் அரிது. 1907இல் இதை ஒரு பெரிய நூலாகவே எழுதினார் பிரேடன். பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் கருதியது தவறு; ஆனால் அவர் கண்டதில் தவறில்லை.

இதைச் சோதித்தவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்த மருத்துவர் ஃபிளெட்சர். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணச்செய்தார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு கூடத்துக்கு, இரட்டைப்படையினர் எதிர்க் கூடத்துக்கு. கறி, காய், உப்பு எல்லாம் ஒன்றே. அரிசி மட்டும் வேறு. பச்சரிசிக் கூடத்தில் நோய் பரவிப் 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசிக் கூடத்தில் ஒருவரும் இறக்கவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று ஐயுற்று, இடையில் இரு கூடத்தாரையும் இடம் மாற்றியும் பார்த்தார். நோய் கூடத்தோடு தங்கவில்லை, அரிசியோடு சென்றது. நோயாளிகளின் ஒப்புதல் கேட்கப்படாத சோதனை அது என்பதை இன்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் சோதனையின் அமைப்பு இன்றைய ஆய்வாளரும் மெச்சத்தக்கது. பின்னர், 1900இல் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டேன்டனும் ஜெலுபுவில் சாவகத் தொழிலாளரிடையே ஆய்ந்து, குறை அரிசியில் சேர்ந்த நஞ்சன்று, தீட்டும்போது தவிட்டோடு போன ஏதோ ஒரு பொருள் என்று நிறுவினர். அப்பொருள் பி1 உயிர்ச்சத்து. அதை 1926இல் ஜாவாவில் பிரித்தெடுத்தனர். 1936இல் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்ட இராபர்ட் வில்லியம்ஸ் நெல்லூரில் பிறந்தவர் என்பது ஒரு துணைச் செய்தி.

நெல்லைப் புழுக்கும்போது தவிட்டுப் பகுதியிலுள்ள பி1 மணிக்குள் ஊடுருவித் தங்கிவிடுகிறது. பின்பு தீட்டினாலும் ஒரு பகுதி எஞ்சும். நம் முன்னோர் அறிந்தோ அறியாமலோ காத்துக்கொண்ட உயிர் அது. ஆனால் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: புழுக்கும்போது உயிர்ச்சத்து உள்ளே நகரும், நார் நகராது. அது தவிட்டிலேயே ஒட்டிக்கொண்டு, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும். ஆகவே 'நாங்கள் புழுங்கலரிசிதான் உண்கிறோம்' என்பது பெரிபெரிக்கு விடை; நார்ச்சத்துக்கு விடையன்று.

இந்தக் கதையின் முடிவில்தான் டப்பாவுக்கான ஆசை பிறக்கிறது. பெரிபெரியில் தொலைந்தது ஒரே ஒரு பொருள். அதைக் கண்டுபிடித்து, மாத்திரையாக்கி, விழுங்கச் செய்தால் நோய் தீர்ந்தது. அவ்வாறே நாரையும் தூளாக்கிக் குடித்தால் அழற்சி தீராதா? நியாயமான வினா. அதற்கு விடை காண, அழற்சி எங்கே மூளுகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

கொழுப்பணு வெறும் சேமிப்புப் பை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1993இல் ஹோத்தமிஸ்லிகிலும் துணைவரும் பருத்த எலிகளின் கொழுப்புத் திசு டி.என்.எஃப்.-ஆல்ஃபா என்னும் அழற்சிப் பொருளைச் சுரப்பதைக் கண்டு, அது இன்சுலின் வேலையைத் தடுக்கிறது என்றும் காட்டினர். 2003இல் மற்றொரு செய்தி வந்தது: பருத்த உடலின் கொழுப்புத் திசுவுக்குள் பெருவிழுங்கிகள் என்னும் பாதுகாப்பு அணுக்கள் கூட்டங்கூட்டமாகக் குடியேறுகின்றன. கிருமியைத் தேடி விழுங்க வேண்டிய காவலர், அளவுக்கு மீறிப் பருத்து மடியும் கொழுப்பணுக்களைச் சுற்றி முற்றுகையிட்டு அழற்சிப் பொருள்களை உமிழ்கின்றனர். அவை குருதியில் கலந்து கல்லீரலை அடையும்போது, கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தை உண்டாக்குகிறது. சுருக்கமாக சி.ஆர்.பி. உள்ளே கனலும் தீக்கு வெளியே தெரியும் புகை என்று இதைக் கொள்ளலாம். நுண்ணளவுச் சோதனையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இதய நோய்க்கான அபாயம் குறைவு என்றும், 3-க்கு மேல் இருந்தால் அதிகம் என்றும் பொதுவாக மதிப்பிடுவர். டெங்கிக் காய்ச்சலோ பல்வலியோ வந்தாலும் இது ஏறும். எனவே ஒரு தாளில் கண்ட ஓர் எண்ணை வைத்து அஞ்சவும் வேண்டா, மகிழவும் வேண்டா.

இதில் குடலுக்கு என்ன வேலை? நாரைச் செரிக்கும் நொதி மனித உடலில் இல்லை. அது செரிக்காமலேயே பெருங்குடலை அடைகிறது. அங்கே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு அதுவே சோறு. அவை அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை ஆக்குகின்றன. பியூட்டிரேட் குடற்சுவர் அணுக்களின் முதன்மை எரிபொருள். பாதுகாப்பு அணுக்களின் வேகத்தைத் தணிப்பதிலும் அதற்குப் பங்குண்டு. நார் வராவிட்டால் என்னவாகும்? 2016இல் வெளிவந்த ஓர் எலி ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. பட்டினி கிடந்த நுண்ணுயிர்கள் குடற்சுவரைப் பூசிக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தால் உள்ளிருக்கும் நுண்ணுயிர்த் துணுக்குகள் குருதிக்குள் கசியும், காவலர் விழிப்பர், தீ மூளும். கொழுப்பிலிருந்து ஒரு தீ, குடலிலிருந்து ஒரு தீ. இரண்டும் சேர்ந்தே எரிகின்றன.

மனிதரிடத்தில் இதற்கு அழகான சான்று 2015இல் வெளிவந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து ஆப்பிரிக்க அமெரிக்கர் 20 பேரும், தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரும் இரண்டு கிழமைக்குத் தம் உணவை மாற்றிக்கொண்டனர். அமெரிக்கருக்கு நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேல் நாரும் குறைந்த கொழுப்பும் கொண்ட ஆப்பிரிக்க உணவு. கிராமத்தாருக்கு நார் மெலிந்து கொழுப்பு மிகுந்த அமெரிக்க உணவு. பதினான்கே நாளில் அமெரிக்கரின் குடற்சுவரில் அழற்சிக் குறிகள் குறைந்தன. கிராமத்தாரிடம் எதிர்மாறாக நிகழ்ந்தது. அங்கே மாறியது ஒரு கரண்டித் தூள் அன்று, முழுத் தட்டு.

கரண்டித் தூளையே தனியாக எடுத்துச் சோதித்தவர்களும் உண்டு. கடைகளில் கிடைக்கும் நார்ப் பொடிகளுள் மிகப் பழமையானது இசப்கோல். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளையும் ஒரு சிறு செடியின் விதை உமி அது. விதையின் வடிவைக் கண்டு 'குதிரைக் காது' என்று பாரசீகத்தார் இட்ட பெயரே இசப்கோல் ஆயிற்று என்பர். நீர் பட்டால் கூழாக உப்பும். அமெரிக்காவின் தென் கரோலைனாவில் கிங் என்பவரும் துணைவரும் 2007இல் 35 பேரிடம் ஓர் ஆய்வை நடத்தினர். ஒரு மூன்று கிழமை நார் மிகுந்த உணவு. மற்றொரு மூன்று கிழமை வழக்கமான உணவோடு இசப்கோல். இரண்டிலும் நார் அளவு நாளுக்கு 26, 27 கிராம் அளவில் சமமாக இருந்தது. மொத்தத்தில் சி.ஆர்.பி. உணவால் 13.7 விழுக்காடும் பொடியால் 18.1 விழுக்காடும் குறைந்தது. பொடி விற்போர் இந்த வரியோடு நிறுத்திக்கொள்வர். அடுத்த வரியை நாம் படிக்க வேண்டும்: குறைவு கண்டவர்கள் ஒல்லியானவர்கள். உடற்பருமனும் இரத்தக் கொதிப்பும் உடைய 17 பேரிடம் உணவானாலும் பொடியானாலும் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை.

ஆய்வாளர் நேர்மையானவர்கள். பெரிய அளவில் மீண்டும் சோதித்தனர். மிகை எடையோ உடற்பருமனோ உடைய, சி.ஆர்.பி. உயர்ந்திருந்த ஏறத்தாழ 160 பேர், நாளுக்கு 7 கிராம் அல்லது 14 கிராம் இசப்கோல், மூன்று மாதம். 2008இல் முடிவு வெளிவந்தது. பொடி உண்டவருக்கும் உண்ணாதவருக்கும் சி.ஆர்.பி. அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அம்மையாரின் முதற்கேள்விக்கு நேரான விடை இதுவே.

ஏன் இப்படி? என் கருத்தைச் சொல்கிறேன். பி1 ஒரு பொருள். நார் ஒரு குலம். தவிட்டின் கரடுமுரடான நார், பருப்பின் நார், கொய்யாவின் பெக்டின், வெங்காயத்தின் இனுலின், ஆறிய சோற்றில் உருவாகும் செரிக்காத மாவு எல்லாம் அக்குலத்தார். ஒவ்வொன்றையும் உண்ணும் நுண்ணுயிர்க் கூட்டம் வேறு. இசப்கோல் கூழாகித் தங்குவதில் வல்லது. நுண்ணுயிர் அதை மிகக் குறைவாகவே புளிக்கவைக்கும். எனவே பியூட்டிரேட் ஆக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்த்தது, பால் கறக்காத மாட்டின் கீழ்ச் செம்பை வைத்த கதை. எளிதாகப் புளிக்கும் இனுலின் போன்ற பொடிகளிலும் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. மற்றொன்று, எடை குறையாதவரை கொழுப்புத் திசுவிலுள்ள முற்றுகை விலகுவதில்லை. ஒரு டம்ளர் கூழ் அதை விலக்காது.

2021இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் கண்டதும் சிந்திக்கத்தக்கது. நார் மிகுந்த உணவை உண்டவர்களிடம் அழற்சி ஒரே சீராகக் குறையவில்லை. யாருடைய குடலில் முன்பே பலவகை நுண்ணுயிர்கள் இருந்தனவோ அவர்களே பயன் கண்டனர். தயிர், புளித்த காய் போன்ற நொதித்த உணவை உண்ட மற்றொரு குழுவினரிடமோ 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. 36 பேர் அளவிலான சிறிய ஆய்வு. அதன்மேல் கோட்டை கட்டலாகாது. வித்து இல்லாத வயலில் உரம் மட்டும் கொட்டினால் விளைச்சல் வராது என்பதை மட்டும் அது நினைவூட்டுகிறது. வீட்டுத் தயிரையும் மோரையும் கைவிட்டு, டப்பா உரத்தை வாங்குகிறோம்.

நம் தட்டுக்கு மிக அருகில் வரும் ஆய்வு சென்னையில் நடந்தது. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனத்தாரும் ஹார்வர்டு அறிஞரும் சேர்ந்து, மிகை எடையுடைய 166 பேருக்கு நாளுக்கு இருவேளை, கிழமைக்கு ஆறு நாள் உணவு அளித்தனர். மூன்று மாதம் தீட்டிய புழுங்கலரிசி, மூன்று மாதம் தவிடு நீக்காத அரிசி. 2019இல் வெளிவந்த முடிவு நாம் விரும்பியபடி பளிச்சென்று இல்லை. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் இரத்தச் சர்க்கரையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் உடல் எடைக் குறியீட்டெண் 25-க்கு மேற்பட்டோரிடமும், வளர்சிதைமாற்றக் கோளாறு உடையோரிடமும் மூன்று மாதச் சர்க்கரை அளவு சற்று இறங்கியது. சி.ஆர்.பி. வெள்ளரிசிக் காலத்தில் ஏறிய அளவுக்குத் தவிட்டரிசிக் காலத்தில் ஏறவில்லை. சிறு நன்மை, ஆனால் பருத்த உடலில் கண்ட நன்மை.

இதை வைத்துத் தவிட்டரிசியே தீர்வு என்று நான் சொல்லமாட்டேன். நூறு கிராம் வெள்ளைச் சோற்றில் நார் அரை கிராம்கூட இல்லை. தவிட்டரிசிச் சோற்றில் இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. நான்கு மடங்கு என்றாலும் சிறிய தொகையின் நான்கு மடங்கே. மலேசியப் பரிந்துரை நாளுக்கு 20 முதல் 30 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது குறைந்தது 25. அந்தக் கணக்கை நிரப்புவது பருப்பும் பயறும்தான். வெந்த கொண்டைக்கடலை, வெந்த மைசூர்ப் பருப்பு ஆகியவற்றில் நூறு கிராமுக்கு ஏழெட்டு கிராம் நார். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிராமல் கெட்டியாக வைத்தாலே போதும், பாதி வேலை முடியும். ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் தமிழர் கைகளால் பேர்பெற்ற கச்சாங் பூத்தேயில், எண்ணெயில் பொரித்த முறுக்கை விட்டு அவித்த கடலையைக் கேட்டு வாங்கலாம். பீடோர் கொய்யா ஒரு பழம் ஐந்து கிராம் நாரைத் தாண்டும். ஆசாம்போய்த் தூளைத் தொடாமல் தின்றால் உப்பும் மிச்சம். பாகான் டத்தோத் தேங்காயைப் பால் பிழிந்தபின் எறிகிறோமே, அந்தப் பூவிலும் நார் உண்டு. பிழிந்ததைப் பொரியலில் தூவுங்கள். ஆனால் எஞ்சிய கொழுப்பும் அதில் இருக்கும் என்பதை மறவாமல் அளவாகத் தூவுங்கள்.

பொடியை நான் பழிக்கவில்லை. மலச்சிக்கலுக்கு இசப்கோல் நல்ல மருந்து. நாளுக்கு ஏறத்தாழ 10 கிராம் உமி கெட்ட கொழுப்பை ஓரளவு குறைக்கும்; அமெரிக்க மருந்துத் துறை 1998இலேயே இதய நலம் பற்றிய அக்கூற்றை ஏற்றுக்கொண்டது. உணவுக்குமுன் குடித்தால் சர்க்கரை ஏறும் வேகமும் தணியும். ஆனால் முழு டம்ளர் நீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும்; நீர் குறைந்தால் தொண்டையிலேயே உப்பி அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லையேல் மாத்திரையையும் கூழ் கட்டிக்கொண்டு போகும். சிறுநீரகக் கோளாற்றால் நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்களும், குடல் அடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது. வாயுத் தொல்லைக்கு அஞ்சுவோர் அரைக் கரண்டியில் தொடங்கலாம்.

எடை குறைக்கும் நார்ப் பானம் என்று நண்பர் வழியாகவும் கைப்பேசி வழியாகவும் விற்பனைக்கு வருவனவற்றில் கூடுதல் விழிப்பு வேண்டும். சிபுட்ரமைன் என்னும் மருந்து இதயத்துக்குக் கேடு என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டது. மெலிவிக்கும் பானங்களில் அது மறைவாகக் கலந்திருப்பதை மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை அறிவித்திருக்கிறது. மருந்தாகப் பதிவு பெற்ற பொருளில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் ஒளிரும் முத்திரையும் இருக்கும். உணவாக விற்கப்படுவதில் அது இராது. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் உணவென்று பதிந்துவிட்டு, நீரிழிவைத் தீர்க்கும் என்று வாயால் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அதை எழுதித் தருவாரா? அவ்வாறு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

அந்த அம்மையாரிடம் இவ்வளவும் சொல்ல நேரமில்லை. மாத்திரையைத் தாமாகக் குறைக்கக்கூடாது, அடுத்த முறை மருந்தகம் செல்லும்போது டப்பாவையும் எடுத்துச்சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று மட்டும் அழுத்திச் சொன்னேன். பின்பு இருவரும் கண்ணாடி அணிந்து டப்பாவின் பின்புறச் சிற்றெழுத்தைப் படித்தோம். ஒரு கரண்டியில் நார் 4 கிராம் என்று போட்டிருந்தது. வீட்டில் கொய்யா மரம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குங்க ஐயா. வௌவால்தான் தின்னுது" என்றார்.